மூன்று விசில் தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு மூன்று விசிலில் வெந்துவிடும். ஊறவைக்க வேண்டியதில்லை, சோடா மாவு போட வேண்டியதில்லை. வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எங்கே தோண்டினாலும் சப்பைத் தண்ணீர்தான் வரும். குடித்தால் நாக்கில் உப்பு நிற்கும், குளித்தால் தலைமுடி கயிறாகும், பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் முழுசு முழுசாகக் கிடக்கும். எங்கள் கிணறு மட்டும் அப்படியில்லை. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் வாசலில் குடங்கள் இருந்தன.

இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன், சாஜிதா டீச்சர். நடந்ததை என் கையாலேயே எழுதித் தந்தால் நல்லது என்று சொன்னீர்கள். நான் இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை கிலோ அரிசி போட்டோம், எத்தனை முட்டை உடைந்திருந்தது என்று தினமும் எழுதிய கை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். ஊரில் என்னைத் தெய்வாத்தாள் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. அமைப்பாளரம்மா என்றுதான் சொல்வார்கள்.

முதலில் அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் போட்டவன் என் மகன் மதன்குமார். தண்ணீருக்கு வருகிறவர்கள் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்து இட்டேரி வழியாக, இரண்டு பக்கமும் முள்வேலிக்கு நடுவே, குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. ஒருநாள் அவன், "பொம்பளைங்க எதுக்குமா இத்தன தூரம் சொமக்கோணும். நம்மு கெணறுதான, ரோட்டுக்கே கொண்டுபோயிரலாம்" என்றான். ஒரே வாரத்தில் குழி வெட்டிக் குழாய் பதித்து, ரோட்டோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி இரண்டு பைப்பு வைத்தான். மறு வருஷம் ஆடி மாசம் காங்கேயம் ரோட்டில் ஒரு டிப்பர் லாரி அவன் வண்டியில் மோதியது. அவனுக்கு முப்பத்தொரு வயது. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு துக்கம் கேட்டு ஆட்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. அது யார் குற்றமும் இல்லை, எல்லோருக்கும் வேலை இருக்கிறது. மருமகள் லோகப்பிரியா பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனாள். ஆனால் ஊர்க்காரர்கள் தொட்டியின் மேல் நீலப் பெயிண்டில் "மதன்குமார் நினைவுக் குடிநீர்" என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மதன் பைப்பு என்றே பெயர் ஆகிவிட்டது. "மதன் பைப்புல தண்ணி வருதா?" "மதன் பைப்புகிட்ட நில்லு, வாரேன்." "மதன் பைப்பத் தாண்டி ரெண்டாவது ஊடு." ஒரு நாளைக்கு இருபது தடவையாவது என் மகனின் பெயரை யாராவது வாய்விட்டுச் சொன்னார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மகனைப் பறிகொடுத்த எத்தனையோ பேருக்கு இது கிடைப்பதில்லை.

பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். சரவணம்பட்டிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு வேனில் மாணவர்களோடு வந்து, பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் எங்களை உட்காரவைத்துப் பேசினீர்கள். ஊர்த் தொட்டித் தண்ணீரை அரசாங்கம் சோதிக்கும், சொந்தக் கிணற்றை யாரும் சோதிக்க மாட்டார்கள், அதைக் காப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றீர்கள். ஈயத்துக்கு நிறமில்லை, வாசமில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் போகாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் முதலில் பிடிக்கும். நீங்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

தண்ணீர் எடுத்துத் தருவதற்குப் பொறுப்பான ஒரு ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைத்தான் கை காட்டினார்கள். கிணறும் போர்க்குழாயுமாக மொத்தம் பத்தொன்பது. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும், பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும், கழுத்து வரை பிடித்து மூடி நம்பர் எழுத வேண்டும். எங்கள் கிணறு ஏழு. இட்டேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரங்கசாமி தோட்டத்துக் கிணறு பதினொன்று. நல்லதென்று வந்தால் கிணற்றடியில் பச்சை வளையம், குடிக்க ஆகாதென்றால் சிவப்பு வளையம் அடிப்பதாக ஏற்பாடு.

பத்து நாள் கழித்து நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். "அம்மா, இத இன்னும் யார்கிட்டயும் சொல்லலிங்க. ஏழாம் நம்பர்ல ஈயம் இருக்கலாங்கற அளவுக்குப் பத்து மடங்குக்கும் மேல காட்டுது. மத்த பதினெட்டும் சுத்தமா இருக்குதுங்க. பாட்டில்ல என்னமோ பட்டிருக்குமாட்டம் இருக்கு. புதுசு அனுப்பறேன், மறுபடி ஒருக்கா எடுத்துத் தர்றீங்களா?"

"அதுக்கென்னுங்க டீச்சர், எடுத்துத் தாரேன்" என்றேன்.

புதுப் பாட்டில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு இட்டேரியைத் தாண்டி அரங்கசாமி தோட்டத்துக்குப் போனேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அமைப்பாளரம்மா, நம்முளது ஒருக்கா எடுத்தாச்சல்லங்க?"

"மூடி செரியா மூடல போலிருக்குதுங்க."

"எடுத்துட்டுப் போங்க. நல்ல தண்ணின்னு சொல்லிப்போட்டாங்கன்னா அப்பறம் எனக்கு வம்புங்க. இந்தத் தண்ணில பருப்பு வெக்கறதுக்குள்ள விருந்தாளி பஸ் ஏறி ஊருக்கே போயிருவான்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டேன். மூன்று தடவை அலசினேன். கழுத்து வரை பிடித்து மூடினேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையில் எதையும் விடவில்லை. பாட்டிலின் மேல் ஏழு என்று எழுதினேன்.

உங்கள் மாணவர்கள் வந்து எங்கள் கிணற்றடியிலும் ரோட்டோரத் தொட்டியிலும் பச்சை வளையம் அடித்தார்கள். அவர்களுக்கு மோர் கொடுத்தேன். பச்சை வளையம் நீல எழுத்துக்குக் கீழே அழகாகவே இருந்தது. சிவப்பு அந்த இடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். மதன் பைப்பு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னாலும் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

கோகிலவாணியை உங்களுக்கு இப்போது தெரியும். அவள் வீட்டுக்காரன் தம்பிதுரை எதிர்ப்பக்கம் வாடகைக் கொட்டகையில் தறி ஓட்டுகிறான். வம்சி அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. பச்சை வளையம் அடித்தபோது அவனுக்கு எட்டு மாசம். அவளுக்குப் பால் போதவில்லை. மாவுப்பால்தான். ஒருநாள் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"பெரீம்மா, கொழந்தைக்கு மட்டும் கேன் தண்ணி போட்டுக்கலாம்னு இருக்கறனுங்க. டவுன்ல எல்லாரும் அதான் குடுக்கறாங்களாமா."

"கேன் தண்ணில என்ன சத்து இருக்குது அம்மணி? பச்ச வளையம் அடிச்ச தண்ணிய உட்டுப்போட்டு யாராச்சும் பிளாஸ்டிக்குக்குப் போவாங்களா? நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் காச்சிக் குடு."

அவள் சரியென்றாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அவள் கேன் வாங்கினால் அடுத்த வாரம் இன்னொருத்தி வாங்குவாள். பிறகு யாராவது ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவுதான் யோசித்தேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமா, பொறாமையா? இல்லை. அவன் நடக்கப் பழகியதே எங்கள் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான். என்னைப் பைப்பாத்தா என்று கூப்பிடுவான். அவனுக்கென்று டப்பாவில் எப்போதும் வறுத்த கடலை வைத்திருந்தேன்.

பைப்படியில் குடம் நிறையும் வரை பேச்சு ஓடும். ஒரு தடவை கோகிலவாணி, "எங்கூட்ல அஞ்சு விசிலுக்கும் பருப்பு வேக மாட்டீங்குதுங்க" என்றாள். "உன்ற குக்கரு வயசான ஆளாட்டம் ஆயிருச்சு, விசிலடிக்குது, வேல செய்ய மாட்டீங்குது. வாசர மாத்து" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி ரேஷன் பருப்பைக் குறை சொன்னாள், இன்னொருத்தி கடைக்காரனை. தண்ணீரை யாரும் சொல்லவில்லை. எங்கள் தண்ணீருக்கு இருந்த பெயர் அப்படி.

பேத்தி மாசத்துக்கு ஒரு தடவை வருவாள். அவள் வரும் முந்தின நாள் வெள்ளகோவில் கடைக்குப் போன் செய்து ஒரு கேன் இறக்கச் சொல்வேன். அதை அடுக்களைக்குள் வைத்துவிடுவேன். ஒருநாள் கோகிலவாணி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க பெரீம்மா, நம்மு தண்ணி உங்க பேத்திக்கு ஆகாதுங்களா?"

"அவ டவுன் புள்ள கண்ணு. தண்ணி மாறுனாச் சளி புடிச்சுக்கும்."

"பாருங்க, என்ற பையன் குடுத்து வெச்சவன்" என்று சிரித்தபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் அதே தண்ணீரைத்தான் குடித்தேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். இன்று காலையிலும் குடித்தேன். பேத்திக்கு மட்டும்தான் கேன். மதன் விட்டுப்போனது அவள் ஒருத்திதான்.

வம்சிக்கு இரண்டு வயது தாண்டியதும் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். முகம் வெளுத்துப்போனது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வார்த்தைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டான். பைப்பாத்தா என்பது பாத்தா என்று ஆனது, பிறகு அதுவும் இல்லை, கையை மட்டும் நீட்டுவான். குடலேத்தமாக இருக்கும் என்று நான்தான் முத்தூரில் ஒருவரிடம் கூட்டிப்போய் வயிற்றுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடச் சொன்னேன். காங்கேயத்தில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார்கள். அந்த டானிக்கை எங்கள் தண்ணீரில் கலந்து கொடுத்தாள்.

பங்குனியில் ஒருநாள் வலிப்பு வந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

அதற்கு முன்பே டாக்டர்கள் இரத்தத்தில் ஈயம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்குத் தம்பிதுரை போனை எடுத்துப் பச்சை வளையத்தின் போட்டோவைக் காட்டியிருக்கிறான். சோதித்த தண்ணீர் என்றதும் அவர்கள் வேறு பக்கம் போனார்கள். பொம்மையில் பெயிண்டா, வீட்டுச் சுவரா, கண் மையா என்று கேட்டார்கள். கோகிலவாணி திருவிழாக் கடையில் வாங்கிய மையைத்தான் பிள்ளைக்குக் கண்ணிலும் கன்னத்திலும் வைப்பாள். திருஷ்டிப் பொட்டு. சில மையில் ஈயம் இருக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளையை அடக்கம் செய்து வந்த மூன்றாம் நாள் அவள் அந்த மை டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அதைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்ற கையாலயே வெச்சனுங்க பெரீம்மா. தெனமும் வெச்சனுங்க. அழகா இருக்கான், கண்ணு பட்டுருமுன்னு வெச்சனுங்க."

"நீ என்ன கண்ட கண்ணு" என்றேன். "தெரிஞ்சா செய்வியா?"

அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் போகும்போது அந்த டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டாமே என்று. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு பாரம் குறைந்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது சொன்னால் பிள்ளையைக் கொன்றது மதன் பைப்பு என்று ஆகியிருக்கும். மை என்றால் அது யார் பெயரும் இல்லை.

பிறகு அவள் இரண்டு தடவை மருந்து குடிக்கப் போனாள். தம்பிதுரை தறிக் கொட்டகைக்குப் போவதை விட்டுவிட்டு அவளுக்குக் காவல் இருக்கிறான். இதையெல்லாம் உங்களுக்கு அவர்களே சொல்லியிருப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் தனியாக வந்தீர்கள். மாணவர்கள் இல்லை, வேன் இல்லை. ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக் கொண்டுவந்திருந்தீர்கள். இரண்டாவது தடவை நான் அனுப்பிய தண்ணீரில் அன்று ஈயம் மட்டும்தான் பார்த்தீர்களாம், மீதியை எறியாமல் வைத்திருந்தீர்களாம். பிள்ளை இறந்த செய்தி கேட்டு அதை எடுத்து உப்பு எவ்வளவு என்று பார்த்திருக்கிறீர்கள். அரங்கசாமி கிணற்றில் எவ்வளவோ அவ்வளவேதான் அதிலும் இருந்தது. அன்று பாட்டில் மேல் சந்தேகப்பட்டதற்குப் பதிலாக நீங்களே நேரில் வந்து எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அழுதீர்கள். நீங்கள் அழுதிருக்க வேண்டியதில்லை, டீச்சர். அமைப்பாளரம்மாவை நம்பாமல் யாரை நம்புவீர்கள்.

அழுது முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "எப்பங்கம்மா தெரியும் உங்களுக்கு?"

"நீங்க போன் பண்ணுன அன்னிக்குத்தானுங்க" என்றேன்.

அது உண்மை இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன் என்று தொடக்கத்தில் சொன்னதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

தோட்டத்தின் பின்பக்கம் ஒரு பழைய கோழிக் கொட்டகை இருந்தது. மதன் அதில் பழைய பேட்டரிகளை வாங்கிப் போட்டிருந்தான். லாரி பேட்டரி, வீட்டு இன்வெர்டர் பேட்டரி. வாங்கி விற்கிறான் என்றுதான் ஊருக்குத் தெரியும். விற்பதற்கு முன் உடைப்பான். உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிப் பாளமாக எடுப்பான். மிச்ச ஆசிடைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் ஊற்றுவான். குழியிலிருந்து கிணறு நாற்பது அடி. நான் ஒரு தடவை கேட்டேன். "மண்ணு குடிச்சுக்கும்மா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். நல்ல பையன். புகையில் நின்று நின்று இருமுவான், ஆனாலும் ஒரு வேலைக்காரனை அங்கே நிற்க விடமாட்டான்.

அந்த வேலை தொடங்கிய வருஷம் கோடையில் எங்கள் வீட்டுப் பருப்பு நாலு விசில் கேட்டது. பருப்பை மாற்றினேன். ஐந்து விசில் ஆனது. குக்கருக்கு வாசர் மாற்றினேன். பிறகு ஆறு. இருபத்தெட்டு வருஷம் பருப்பு வேகவைத்த எனக்குத் தண்ணீர் கெட்டுவிட்டது என்பதைச் சொல்ல எந்தக் கல்லூரியும் தேவையில்லை. ஆசிட் மண்ணில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவரும், அதனால்தான் தண்ணீர் கடினமாகும் என்று நீங்கள் பின்னால் பயிற்சியில் சொன்னபோது காரணம்தான் புதிதாகத் தெரிந்தது. கெட்டது முன்பே தெரியும்.

மதனிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை அவன் களைத்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று விடியும் முன்பே பருப்பை ஊறவைத்து, சோடா மாவு போட்டு, மூன்று விசிலில் இறக்கினேன். இரண்டாவது தடவை அவன் கையில் கடப்பாரை இருந்தது. ரோட்டுக்குக் குழாய் போடக் குழி வெட்டத் தொடங்கியிருந்தான். "ஊரே வாழ்த்தும்மா" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவன் அப்பா போனபிறகு நான் பார்த்ததில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

ஆகவே குழாய் போட்ட நாளிலேயே எனக்குத் தெரியும். அவன் போனபிறகு கொட்டகையைப் பிரித்துவிட்டு, குழியை மூடி மேலே சோளம் விதைத்தேன். அந்த இடத்தில் மட்டும் முளைக்கவில்லை. மூன்று வருஷம் விதைத்தேன். வம்சி பிறந்தபோது தெரியும். காய்ச்சிக் குடு என்றபோது தெரியும். அவன் என் முன்னால் கையை நீட்டி நின்றபோது கடலையைக் கொடுத்தேன், அவன் விக்கியபோது டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன், எல்லாம் தெரிந்துதான். அந்தப் பிள்ளையைக் கொன்றது மையும் இல்லை, மதனும் இல்லை. நான்தான். இதைப் படித்ததும் முதலில் கோகிலவாணியிடம் காட்டுங்கள். அந்த மை டப்பாவை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், சோதித்துக்கொள்ளுங்கள்.

இதைப் போலீசுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றீர்கள். கொடுங்கள். கிணற்றில் சிவப்பு வளையம் அடியுங்கள், நான் மறுப்புச் சொல்லவில்லை. ரோட்டோரத் தொட்டியில் அடிக்கும் முன் அந்த நீல எழுத்தை மட்டும் வெள்ளையடித்து மூடிவிடச் சொல்லுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் அவன் பெயர் இருக்க வேண்டாம்.

இன்னும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாளைக்கு ஊரில் பலரும் பல விதமாகப் பேசுவார்கள். முப்பத்தாறு வருஷத்தில் எங்கள் வாசலுக்குத் தண்ணீர் கேட்டு வந்த ஒருத்தரைக்கூட நான் வெறுங்குடத்தோடு திருப்பி அனுப்பியதில்லை.